நெஞ்சுச்சூடு

சத்தம் ஒன்று குறைந்துபோனதில்தான் ஷம்சாத்துக்கு விழிப்பு வந்தது.

கண்ணைத் திறக்காமல், போர்வைக்குள் மூக்கைப் புதைத்தபடியே, எது குறைகிறது என்று காதால் வீடு முழுக்கத் தேடினாள். ஹீட்டரின் இரைச்சல் இல்லை. ஃபிரிட்ஜின் முனகலும் இல்லை. ஆனால் அவளை எழுப்பியது அவை அல்ல. நான்கு மாதமாகச் சமையலறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளிருந்து இரவும் பகலும் கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் வாயை மூடியிருந்தன. மகள் மலீஹாவின் பல்லிக்குத் தீனியாக வாங்கி வருபவை அவை. பொடியாகப் பார்த்து வாங்கினாலும், தின்று மிஞ்சியவை வளர்ந்து, இறகு முளைத்துக் கத்த ஆரம்பித்துவிடும். "இதுங்க ஒரு நாள் சும்மா இருந்தா ரெண்டு ரக்அத் சேர்த்துத் தொழுவேன்" என்று அவள் கணவர் பசீரிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

இப்போது அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை.

எழுந்து ஜன்னல் திரையை விலக்கினாள். பிப்ரவரி மாதத் திங்கட்கிழமை. டெக்ஸாஸின் சுகர் லேண்டில் பத்து வருடமாக இருக்கிறாள். இப்படி ஒரு காலையை அவள் பார்த்ததில்லை. தெரு முழுக்கக் கண்ணாடி ஊற்றியது போல ஐஸ். எதிர்வீட்டு ஓக் மரத்தின் ஒவ்வொரு குச்சியும் தனித்தனியாகக் கண்ணாடி உறை போட்டிருந்தது. எங்கோ ஒரு கிளை பாரம் தாங்காமல் முறிந்தது, துப்பாக்கி வெடித்தது போல. அதன் பிறகு ஒன்றுமில்லை. ஒரு காரும் இல்லை, ஒரு மனிதக் குரலும் இல்லை. வெயிலுக்காகவே கட்டிய வீடு. குளிர் அதன் சுவர்களைச் சுவராகவே மதிக்கவில்லை.

பசீர் அகமது எண்ணெய்க் கம்பெனி வேலையாக வியாழக்கிழமை மிட்லண்டுக்குப் போனவர். அவர் கார் ஏர்போர்ட்டில் நின்றது. ஷம்சாத்தின் கார் வெள்ளிக்கிழமையிலிருந்து ஒர்க்‌ஷாப்பில். வீட்டில் அவளும், ஒன்பது வயது மலீஹாவும் மட்டும்தான். மாடிப்படிக்குக் கீழே, கண்ணாடித் தொட்டிக்குள், அந்தப் பல்லி, பூந்தி.

எட்டு மணிக்குப் பசீர் போனில் வந்தார். குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"ஷம்சு, ஏர்போர்ட் மூடிட்டாங்க. ஃப்ரீவே மொத்தமும் ஐஸ். ரெண்டு நாள் ஆகும் போல."

"கரண்ட் எப்ப வரும் மச்சான்?"

"ஒரு மணி நேரத்துல வரும்ங்கிறாங்க, அப்புறம் தெரியாதுங்கிறாங்க. போன்ல சார்ஜ் எவ்வளவு இருக்கு?"

"இருபத்திரெண்டு."

"அணைச்சு வெச்சுக்கோ. அப்புறம் பூந்திக்குத் தீனி கீனி எதுவும் போட்டுராதே. தொட்டிக்கு அடியில இருக்கற ஹீட் மேட் ஓடாம அதுக்குச் செரிக்காது, வயித்துலயே அழுகிடும். எடுத்து உன் ஸ்வெட்டருக்குள்ள போட்டுக்கோ. நெஞ்சுச்சூடு போதும் அதுக்கு."

"நானா?"

"நீதான் வேற யாரு? மலீ உடம்பு சில்லுன்னு இருக்கும்." அவர் சிரிக்கப் பார்த்தார். லைன் அறுந்தது.

ஷம்சாத் வளர்ந்த கீழக்கரை வீட்டில் பல்லியைக் கண்டால் விளக்குமாறு எடுப்பார்கள். அக்டோபரில் மலீஹாவின் பிறந்தநாளுக்குப் பசீர் அதை ஒரு டப்பாவில் கொண்டு வந்தபோது, சுண்டுவிரல் நீளம் இருந்தது. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி. ஒரு மாதம் அவள் தொட்டிப் பக்கமே போகவில்லை. பிறகு பசீர் வேலையாக வெளியூர் போன நாட்களில் வேறு வழியில்லாமல் இடுக்கியைக் கையில் எடுத்தாள். சில்வண்டைக் கால்சியம் பவுடரில் புரட்டி நீட்டினால், பூந்தி தலையைச் சாய்த்து யோசித்து, வால் நுனியைச் சிலிர்த்து, லபக்கென்று பாயும். கால் மணி நேரத்தில் எவ்வளவு தின்னுமோ அவ்வளவுதான். மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். வால் கொழுத்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பூந்தியின் வால் கொழுத்துக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரி லேபில் பகலெல்லாம் பிறர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வருபவளுக்கு, நாளுக்கு நாள் தேறிவரும் ஒரு சின்ன உடம்பைப் பார்ப்பதில் ஒரு நிம்மதி இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

மலீஹா மூன்று ஸ்வெட்டரும் மேலே தடி ஜாக்கெட்டுமாகப் படியில் உட்கார்ந்திருந்தாள். விழித்ததிலிருந்து இரண்டு தடவை அழுதாகிவிட்டது. ஒருமுறை குளிருக்கு, ஒருமுறை வாப்பாவுக்கு.

"உம்மா, செக் ஹர். ப்ளீஸ்."

ஷம்சாத் தொட்டியின் மூடியை எடுத்தாள். ஹீட் மேட் இருக்கும் பக்கத்துப் பொந்தைத் தூக்கினாள். காலி. மறுபக்கத்தில் ஈரப் பஞ்சு வைத்த டப்பா. தோல் உரிக்கும் நாட்களில் பூந்தி அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். சனிக்கிழமையிலிருந்தே அது வெளுத்துப்போய்தான் இருந்தது. டப்பாவின் ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டாள்.

தொட்டதும் தெரிந்துவிட்டது. விரலுக்கு இளகாத ஒரு வளைவு. முதுகில் பாதி உரிந்த தோல், காய்ந்த வெங்காயச் சருகு போல. மெல்ல அழுத்திப் பார்த்தாள். மரக்குச்சி.

"இஸ் ஷி ஓகே?"

பின்னால் அந்தக் குரல் ஏற்கெனவே அழுகையின் விளிம்பில் நின்றது. இருட்டு வீடு, இன்னும் எத்தனை மணி நேரமோ தெரியாது. இந்தக் குழந்தையை இந்தக் குளிரில் அழவிட்டு எப்படித் தேற்றுவது? பசீர் வரட்டும். வெளிச்சம் வரட்டும். இதே அளவில், இதே மஞ்சளில் இன்னொன்று கிடைக்காமலா போகும்? இவ்வளவும் ஒரு மூச்சு நேரத்தில் அவள் மனதில் ஓடியது. வெறும் கையை, எதையோ பொத்தியது போல மூடி, வெளியே எடுத்தாள். முதுகைத் திருப்பிக்கொண்டு ஸ்வெட்டரின் கழுத்துக்குள் கையை விட்டாள். நெஞ்சில் அவள் விரல்களின் குளிர் மட்டும் பட்டது.

"ஓகேதான் கண்ணு. தூங்குது. உம்மா நெஞ்சுல வெச்சிருக்கேன், சூடாயிடும்."

மலீஹா ஓடி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

*

பொய் சொன்னால் அதைப் பராமரிக்க வேண்டும். ஷம்சாத் குளியலறைக்குப் போய், மலீஹாவின் பழைய சாக்ஸ் ஒன்றைச் சுருட்டி, உள்ளாடையின் ஓரத்தில் செருகிக்கொண்டாள். வெளியிலிருந்து தொட்டால் சின்னதாக, மெத்தென்று ஒரு மேடு. தொட்டிமேல் ஒரு தடிப்போர்வையைப் போட்டு மூடினாள். "அங்க கை வைக்காதே. உள்ளே இருக்கற கொஞ்சச் சூடும் போயிடும்" என்றாள்.

மலீஹா மணிக்கு ஒரு தடவை வந்தாள். உள்ளங்கையைத் தன் வாயருகே வைத்து ஊதிச் சூடாக்கிக்கொண்டு, அம்மாவின் ஸ்வெட்டர்மேல் அந்த மேட்டில் வைத்து, சத்தமில்லாமல் ஏதோ முணுமுணுத்தாள். அப்போதெல்லாம் ஷம்சாத் கூரையைப் பார்த்தபடி நின்றாள். அடுப்பும் கரண்ட் அடுப்பு. ரொட்டியும் வாழைப்பழமும்தான் சாப்பாடு. மத்தியானம் குழாயில் தண்ணீர் நூலாகி, நின்றது. சுவருக்குள் எங்கோ பைப் 'டொக்' என்றது. கொஞ்சம் கழித்து வேறு இடத்தில் 'டொக்' என்றது, சுவருக்குள் யாரோ இடம் மாறி உட்காருவது போல.

ஐந்தரைக்கே வெளிச்சம் மங்கியது. வரவேற்பறை சோபாவில் வீட்டிலுள்ள எல்லாப் போர்வையையும் குவித்து, இருவரும் உள்ளே புகுந்துகொண்டார்கள். மலீஹாவின் தலைமுடியில் தேங்காய் எண்ணெய் உறைந்து கமழ்ந்தது. அவள் அப்படியே தூங்கிப்போனாள். ஷம்சாத் விழித்திருந்தாள். வெளியே கிளைகள் முறிவதையும், ஐஸ் தூறல் ஜன்னலில் மணல் வீசுவது போல விழுவதையும், மகளின் மூச்சு ஏறி இறங்குவதையும் கேட்டபடி, தன் நெஞ்சின் இடப்பக்கத்தில் ஒரு நாணய அகலத்துக்கு மட்டும் கதகதப்பாக இருப்பதைக் கவனித்தாள்.

சாக்ஸ்தான். ஒரு நாளெல்லாம் உடம்போடு இருந்தால் சூடாகத்தானே செய்யும்.

அது கொஞ்சம் நகர்ந்தது.

அவள் மூச்சு விட்டதில் நகர்ந்திருக்கும். மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

மறுபடியும் நகர்ந்தது.

*

"உம்மா, ஒய் இஸ் மை சாக் ஹியர்?"

செவ்வாய்க்கிழமை காலை. சாம்பல் வெளிச்சம். மலீஹா சோபாவுக்கு அடியிலிருந்து சுருட்டிய சாக்ஸை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது.

ஷம்சாத்தின் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

மேடு இருந்தது.

"துவைக்கப் போட்டது விழுந்திருக்கும்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "நீ படு. உம்மா பாத்ரூம் போய்ட்டு வர்றேன்."

கதவைத் தாழிட்டாள். போனை உயிர்ப்பித்து டார்ச் போட்டு, வாஷ்பேசின்மேல் நிமிர்த்தி வைத்தாள். சார்ஜ் குளிரில் நான்கு சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. ஜாக்கெட்டைக் கழற்றினாள். ஸ்வெட்டர். உள்ளே இன்னொரு ஸ்வெட்டர். கமீஸ். ஒவ்வொன்றையும் உதறினாள். குளிர் முதுகில் ஈரத்துணி போல ஒட்டியது. கண்ணாடியில் அவள் உடம்பு மட்டும்தான். இரு கையாலும் நெஞ்சையும் அக்குளையும் வயிற்றையும் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. சுருக்கம் விழுந்த துணியில் படுத்து எழுந்தால் பதியுமே, அப்படி இடப்பக்கம் நாலைந்து மெல்லிய சிவப்புக் கோடு. அவ்வளவுதான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பயந்த சிரிப்பு, ஆனாலும் சிரிப்பு. தூக்கமில்லாமல், சோறில்லாமல், குளிரில் யாருக்கும் இப்படி வரும். எல்லாவற்றையும் திரும்பப் போட்டுக்கொண்டாள். போன் தானாக அணைந்தது. இருட்டில் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தாள்.

முதுகுப் பக்கமிருந்து, இடுப்பெலும்புக்கு மேலாக, ஏதோ சாவகாசமாக நடந்து முன்னால் வந்தது. பழக்கப்பட்ட இடம் போல நெஞ்சில் ஏறி, ஒருமுறை சுற்றி, படுத்துக்கொண்டது.

கத்தவில்லை. கத்தினால் மலீஹா வருவாள். வாஷ்பேசினின் விளிம்பைப் பிடித்தபடி நின்று, தெரிந்த ஓதல்களை எல்லாம் வாய்க்குள் ஓதினாள். பாதியில் வார்த்தை தவறியது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நெஞ்சில் அது அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் நேரே தொட்டிக்குப் போனாள். மலீஹா போர்வைக்குள் முகம் மூடிக் கிடந்தாள். தடிப்போர்வையைத் தூக்கி, ஈர டப்பாவின் மூடியைத் திறந்தாள். பூந்தி அங்கேதான் இருந்தது. வளைந்து, வெளுத்து, கண் குழிந்து, பாதித் தோலோடு. விரல் நீளம். தொட்டாள். அதே மரக்குச்சி.

அப்படியானால்.

மூடியை வைத்தாள். போர்வையைப் போட்டாள்.

*

மத்தியானம் வாசலில் தட்டும் சத்தம். நான்கு வீடு தள்ளி இருக்கும் நஞ்சுண்டன். கோயம்புத்தூர்க்காரர், ரிட்டயர் ஆனவர். குரங்குக் குல்லா, கையில் நடப்பதற்கு ஒரு கோல்ஃப் மட்டை.

"அம்மிணி, எங்க வீட்டுல கேஸ்ல எரியற ஃபயர்பிளேஸ் இருக்குதுங்க. அக்கம்பக்கத்துல எட்டுப் பேரு வந்துட்டாங்க. பாப்பாவைக் கூட்டிட்டு வந்துருங்க. சூடா ரசம் இருக்குது."

ஷம்சாத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "வர்றோம் அங்கிள். இதோ, ஒரு நிமிஷம்" என்றாள்.

மலீஹா துள்ளினாள். "உங்க வீட்டுல லைட் இருக்குமா அங்கிள்? தென் வீ கேன் சீ பூந்தி! உம்மா அவளை உள்ளே வெச்சிருக்காங்க."

"அட, பல்லியையா?" நஞ்சுண்டன் சிரித்தார்.

ஷம்சாத் ஒரு நொடி தயங்கினாள். எட்டுப் பேர் முன்னால், நெருப்பு வெளிச்சத்தில், இந்தக் குழந்தை கை நீட்டி நிற்கும். அப்போது எதை எடுத்துக் கொடுப்பது? அந்த ஒரு நொடிதான். பிறகு, போகத்தான் வேண்டும் என்று முடிவு செய்து, வாசற்படியில் காலை வைத்தாள். வெளிக்குளிர் முகத்தில் அறைந்தது.

விலாவில் நகங்கள் இறங்கின.

ஒன்றல்ல. இரண்டு பக்கமும். துணியில் தைத்த நூலை யாரோ இழுத்துக் கட்டுவது போல. மூச்சு பாதியில் நின்றது. காலைப் பின்னால் எடுத்தாள். நகங்கள் தளர்ந்தன. மறுபடி முன்னால் வைத்தாள். இன்னும் ஆழமாக இறங்கின.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல அங்கிள்." வாய் தானாகப் பேசியது. "நாங்க இங்கயே இருக்கோம். எப்படியும் கரண்ட் வந்துடும்."

"பாப்பாவையாச்சும் அனுப்புங்க."

அனுப்பிவிட வேண்டும். அதுதான் சரி. "மலீ, நீ அங்கிளோட போ."

"நோ! பூந்தி இல்லாம நான் போக மாட்டேன்." மலீஹா அவள் ஜாக்கெட்டை இரு கையாலும் பற்றிக்கொண்டாள். ஷம்சாத் அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். உள்ளேயும் விரல்கள் இறுகின. வெளியே எவ்வளவு பிரித்தாளோ, உள்ளே அவ்வளவு. கண்ணில் நீர் தளும்ப, கையை எடுத்துவிட்டாள்.

நஞ்சுண்டன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "சரிங்க. நாளைக்குக் காலையில வந்து எட்டிப் பார்க்கறேன். மனசு மாறினா எந்நேரமானாலும் வாங்க" என்று சொல்லி, மட்டையை ஐஸில் குத்திக் குத்தித் திரும்பிப் போனார். அவர் முதுகு மறையும்வரை ஷம்சாத் கதவைச் சாத்தவில்லை. சாத்தியதும், உள்ளே அது நீண்ட மூச்சு ஒன்றை விட்டது. அவள் தோலில் அந்தக் காற்று பட்டது.

வெதுவெதுப்பான காற்று.

*

மாலைக்குள் அது கனத்துவிட்டது.

பூந்தியை ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் நிறுத்துவார்கள்; ஒரு கோழிமுட்டையில் பாதி எடைகூட வராது. இது இப்போது ஒரு கிலோ அரிசிப் பை. அவள் அதற்கு ஒன்றும் ஊட்டவில்லை. அவள் உடம்புதான் ஒவ்வொரு இடமாக அணைந்துகொண்டிருந்தது. முதலில் பாதம், பிறகு முழங்கால், பிறகு கை. அது படுத்திருந்த இடத்தில் மட்டும் அடுப்புக்கல் சூடு. அந்தச் சூட்டைத் தேடி அவள் உடம்பே அதன்மேல் குனிந்து சுருண்டது. அப்படிச் சுருள்வது இதமாக இருந்தது. அதுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது.

மலீஹா உள்ளங்கையை ஊதிக்கொண்டு வந்தாள். வைத்தாள். நேற்று அந்தக் கைக்கு அடங்கியது இன்று அடங்கவில்லை.

"ஷி காட் பிக், உம்மா."

"ம்."

"வாட் டிட் யூ ஃபீட் ஹர்?"

ஷம்சாத் அந்தச் சின்னக் கையை மெல்ல எடுத்து விலக்கினாள்.

"லெட் மீ ஹோல்ட் ஹர். ஒன்லி ஒன் மினிட்."

"வேணாம். தள்ளிப் படு மலீ. அந்த ஓரத்துக்குப் போ."

"எனக்குக் குளிருது."

தள்ளிப் படுக்கவைக்கவும் முடியாது. போர்வைக்கு வெளியே உறைந்துபோவாள். அணைத்துக்கொள்ளவும் முடியாது. இருவருக்கும் நடுவில் அது. ஷம்சாத் மகளுக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள். மலீஹா பின்னாலிருந்து ஒட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் எல்லாம் அமைதியாக இருந்தது. பிறகு அது எழுந்தது. விலாவைச் சுற்றி, அக்குளுக்கு அடியில், மெல்ல, மெல்லப் பின்பக்கம் போகத் தொடங்கியது. மலீஹா இருக்கும் பக்கம்.

ஷம்சாத் மல்லாந்து திரும்பினாள். முழு எடையையும் முதுகில் போட்டு நசுக்கினாள். அடியில் அது நெளிந்தது. ஒரு கை, கைதான், அகலமாக விரிந்து அவள் முதுகெலும்பில் ஊன்றியது. பிறகு விட்டுக்கொடுத்து முன்னால் வந்தது.

நெஞ்சில் படுத்தது.

அவள் இரு கையையும் அதன்மேல் கோத்து இறுக்கிப் பிடித்தாள். அங்கேயே இரு. என் மேலேயே இரு. என்கிட்டயே இரு.

விடியும்வரை அப்படியே.

*

புதன்கிழமை காலை பத்தரைக்குக் கரண்ட் வந்தது.

எல்லாம் ஒரே சமயத்தில். கூரை விளக்குகள் பளீரென எரிந்தன, மைக்ரோவேவ் கீச்சிட்டது, ஃபிரிட்ஜ் உதறிக்கொண்டு எழுந்தது, ஹீட்டர் தூசு கருகும் வாசனையோடு உறுமியது. தொட்டிமேல் போட்ட போர்வைக்கு அடியில் அதன் விளக்கு வெள்ளைக் கோடாக ஒளிர்ந்தது. மலீஹா குதித்து எழுந்து, கையைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றி ஓடினாள்.

"இட்ஸ் பேக்! உம்மா, நவ் ஷி கேன் ஈட்!"

ஃபிரிட்ஜிலிருந்து, சில்வண்டுக்கு மாற்றாக வைத்திருக்கும் புழு டப்பாவை எடுத்து வந்தாள். கால்சியம் பவுடர். இடுக்கி. வாப்பா சொல்லிக்கொடுத்தபடியே ஒரு புழுவைப் பவுடரில் புரட்டி, வெள்ளையாக்கி, இடுக்கியில் பிடித்துக்கொண்டு, சோபாவுக்கு முன்னால் மண்டியிட்டாள்.

ஷம்சாத்தால் எழுந்திருக்க முடியவில்லை. இரவில் அது நீண்டிருந்தது. வயிற்றிலிருந்து காறையெலும்புவரை. கால்கள் அவள் இடுப்பைக் கவ்வியிருந்தன. ஹீட்டரின் சூடு அறையில் ஏற ஏற, அது சோம்பல் முறிப்பதை உணர்ந்தாள்.

"மலீ. அங்கயே நில்லு." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைச் சேர்க்க வேண்டியிருந்தது. "உம்மா ஒரு பொய் சொல்லிட்டேன்."

"வாட்?"

"பூந்தி செத்துப்போச்சு. திங்கட்கிழமையே. நீ அழுவேன்னு சொல்லல. தொட்டியைத் திற. அந்த ஈர டப்பா. போய்ப் பாரு."

மலீஹா அவளையே பார்த்தாள். பிறகு போனாள். போர்வை விழும் சத்தம். மூடி திறக்கும் சத்தம். ஷம்சாத் காத்திருந்தாள். அழட்டும். உண்மையைச் சொல்லியாகிவிட்டது. சொன்னதும் இது போய்விடும் என்று எப்படியோ நம்பியிருந்தாள். இரண்டு நாளாக அந்த ஒரு நம்பிக்கையைத்தான் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள்.

அது போகவில்லை.

மலீஹா திரும்பி வந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே பார்த்தாள். எப்போதும் இங்கிலீஷ் கலந்தே பேசும் பிள்ளை, தெளிவான தமிழில் கேட்டாள்.

"அப்ப இது யாரு, உம்மா?"

வாசலில் தட்டும் சத்தம். "அம்மிணி! கரண்ட் வந்துருச்சுங்களா? நல்லா இருக்கீங்களா?"

ஷம்சாத் வாயைத் திறந்தாள். தாடைக்கு அடியில், ஜாக்கெட்டின் காலர் விலகியது. ஏதோ வெளிச்சத்துக்கு வந்தது. தலையைக் குனிய முடியவில்லை. மலீஹாவின் முகம் மட்டும்தான் தெரிந்தது. மகளின் கண்கள் காலரிலிருந்து மெல்ல மேலே ஏறி, ஓரிடத்தில் நின்றன. ஒருவர் கண்ணை இன்னொருவர் பார்ப்பது போல நின்றன.

ஒரு உள்ளங்கை ஷம்சாத்தின் வாய்மேல் வந்து அமர்ந்தது. மிருதுவான உள்ளங்கை. ஈரமான, பாதி உரிந்த தோல். வெதுவெதுப்பு.

"அம்மிணி?"

இடுக்கி கீழே விழுந்தது. வெள்ளைப் புழு கார்ப்பெட்டில் நெளிந்தது. மலீஹா பின்னால் போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளங்கைகளை வாயருகே வைத்து ஊதினாள்.

"யூ ஆர் ஸோ கோல்ட்" என்றாள் அதனிடம், மிகவும் பரிவாக.

பிறகு தன் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கீழ்வரை இறக்கி, இரு பக்கமும் அகலமாக விரித்துப் பிடித்தாள்.

கதவு தட்டும் சத்தம் நின்றது. ஐஸில் மட்டை குத்தும் ஒலி தூரத்தில் தேய்ந்தது. ஷம்சாத்தின் நெஞ்சிலிருந்து பாரம் எழுந்தது. முதலில் ஒரு கை. பிறகு இன்னொரு கை.